கடைசிப் பெயர் ஓடும்வரை

ஷோவ்டே, பிப்ரவரி 9

டேய் டோர்கெல்,

உன் கம்பெனியின் மகா காவியத்தை முடித்துவிட்டேன். போனில் உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன், திறக்கும் உத்தேசம் இல்லை. அதனால்தான் தபால்தலை ஒட்டிக் காசைக் கரியாக்குகிறேன். ஒரு கேமை முடித்தால் அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நமக்குள் சட்டம். நீ என்னை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனாய் என்பதற்காகச் சட்டம் மாறாது.

'வடக்கின் வாள்கள்'! தலைப்பைப் படித்ததுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. தாடிக்காரன் ஒருவன். கேம் தொடங்கிக் காபி ஆறுவதற்குள் அவன் பெண்டாட்டியைக் கொன்றுவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவன் யாரை வெட்டினாலும் நாம் கேள்வி கேட்கக் கூடாது. சத்தமாக ஒரு வார்த்தை பேசுகிறானா? எல்லாம் கிசுகிசுப்பு. ரொட்டி கேட்பதற்குக்கூடத் தொண்டை கரகரக்கிறது. ஊருக்கு ஊர் ஒரு கிழவன் நிற்கிறான், ஓநாய்த் தோல் பத்து கொண்டு வா என்கிறான். அந்த ஊரில் இத்தனை ஓநாய் இருந்தால் முதலில் கிழவன் எப்படி உயிரோடு இருக்கிறான்? குதிரை செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஏறுகிறது. கடைசியில் தாடிக்காரன் ஒரு கண்ணால் மட்டும் ஒரு சொட்டு அழுகிறான். இன்னொரு கண்ணுக்கு பட்ஜெட் இல்லையோ என்னவோ.

ஒரே ஒரு விஷயம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கே தூக்கம் வராது. அந்தப் படகுக்காரன். நாம் பக்கத்தில் போனதும் படகின் விளிம்பில் ஒரு காலை அழுத்தி வைத்து ஆடாமல் பிடிக்கிறான். நாம் பின்வாங்கினால் காலை எடுத்துவிடுகிறான், மறுபடி வந்தால் மறுபடி வைக்கிறான். யாரும் கேட்கவில்லை, கதைக்கும் தேவையில்லை. நான் ஏறாமல் கரையிலேயே போயும் வந்தும் விளையாடிக்கொண்டிருந்தேன். நிஜமாகப் படகு ஏறிப் பழகிய யாரோ வழி தவறி உங்கள் ஆபீசுக்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் அதையும் கெடுத்தார்கள். வைக்கிங் காலத்துப் படகோட்டிக்கு மஞ்சள் ரப்பர் பூட்ஸ்! எந்த முட்டாளின் வேலை அது?

கேம் முடிந்ததும் ஓடுகிற பட்டியலில் உன் பெயரையும் பார்த்தேன். போகிற அன்றைக்கு என் சமையலறையில் நின்றுகொண்டு என்ன சொன்னாய்? "அங்க என் பேரு ஸ்க்ரீன்ல ஓடும்டி. கோடிப் பேரு பாப்பாங்க. நம்ம உப்பு லாரிய யாரு பாக்கப் போறா? நீயும் உங்க அம்மாவும்!" சரி, ஓடிவிட்டது. பன்னை ஒரு கடி கடிப்பதற்குள் ஓடிப்போய்விட்டது. இதற்குத்தான் போனாயா?

நாம் சேர்ந்து தொடங்கிய கேம், அந்த உப்பு லாரி, பாதியிலேயே நிற்கிறது. பனி இறுகிய சாலைகளில் அது உருக உப்புத் தூவிக்கொண்டு போகிற ஒரு டிரைவரின் கதைக்கு என்னால் எல்லாம் செய்ய முடிகிறது. வீடு, ஜன்னல், வெளிச்சம், பேச்சு எல்லாம். அசைவு மட்டும் வரவில்லை. அது உன் வேலையாக இருந்தது. மே மாதக் கடைசிக்குள் முடியவில்லை என்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். உன்னிடம் உதவி கேட்கவில்லை. தகவலுக்காகச் சொன்னேன்.

ஹெட்விக்

---

மால்மோ, பிப்ரவரி 17

ஹெட்விக்,

கடிதம் கிடைத்தது. நீ கேமைப் பற்றி எழுதும்போது பஸ் ஸ்டாண்டில் யாரோ கத்துகிற மாதிரியே இருக்கிறது. பழைய பழக்கம், மாறாது.

நானும் ஒன்று முடித்தேன். நீ ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தாயே, 'லாந்தர்ப் பூச்சி', அதுதான். பெரிய கம்பெனி என்றால் உனக்கு மூக்கு சுளிக்கும், மூன்று பேர் சேர்ந்து செய்தால் கண்ணில் நீர் வந்துவிடும். ஒரு பூச்சி. ஒரு விளக்கு. பின்னால் யாரோ பியானோவில் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறான், ட்யூன் பண்ண வந்தவன் போலிருக்கிறது. பூச்சி விளக்கைச் சுற்றுகிறது. நானும் சுற்றினேன். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் திரையில் 'உன் துக்கத்தை மன்னித்துவிடு' என்று எழுத்து வந்தது. என்ன துக்கம்? இதற்குக் கொடுத்த காசுதான் துக்கம். அதை எப்படி மன்னிப்பது?

எங்கள் கேமில் ஓநாய் அதிகம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னூறு பேர் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்தது. ஒவ்வொரு ஓநாய்க்கும் மூச்சு வாங்குவது தனித்தனி. நீ வெட்டுவதிலேயே குறியாக இருந்திருப்பாய், பார்த்திருக்க மாட்டாய்.

இரண்டு விஷயம். அந்தப் படகுக்காரனைப் பற்றி எழுதியதை இன்னொரு தடவை எழுது. கையெழுத்துப் புரியவில்லை.

அப்புறம் என் பெயரை எந்த இடத்தில் பார்த்தாய்? முன்னால் யார், பின்னால் யார்? சும்மாதான் கேட்கிறேன்.

டோர்கெல்

---

ஷோவ்டே, பிப்ரவரி 25

டேய்,

கையெழுத்துப் புரியவில்லையா? என் கிறுக்கலைப் பார்த்துத்தானே தேர்வு எழுதிப் பாஸானாய், அப்போது புரிந்ததா? சரி, குருடனுக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். படகுக்காரன் விளிம்பில் கால் வைத்துப் படகைப் பிடிக்கிறான். ஏறுகிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, தண்ணீரைத்தான் பார்க்கிறான். உபகாரம் செய்கிறோம் என்பதுகூடத் தெரியாத மாதிரி. உங்கள் ராஜா ராணி எல்லோரும் மூச்சு முட்டப் பேசியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இவன் ஒரு வார்த்தை பேசாமல் என்னை என்னவோ செய்துவிட்டான். போதுமா? செய்தவன் உனக்குத் தெரிந்தவனாக இருந்தால் சொல், வேறு நல்ல வேலை தேடிக்கொள்ளட்டும்.

உன் பெயருக்கு முன்னால் ஒரு ஸ்பானியன், பின்னால் பெங்ட் என்று யாரோ. 'மூத்த அனிமேட்டர்' என்று போட்டிருந்தது. மூத்த! இப்போது தலை வாசலில் இடிக்கிறதா?

இந்த வாரம் 'பூசணி மாவட்டம்' முடித்தேன். விவசாயம் செய்கிற கேம். இந்த மாதிரிக் கேம்களில் ஏன் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்? மழை கொட்டுகிறது, பயிர் அழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தாண்டி வந்து, "ஐயோ பாவம், இந்தா ஜாம்!" என்கிறாள். அவளுக்கு நான் தினமும் ஒரு பூசணி கொடுத்தேன். கடைசியில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். பூசணிக்கு வாழ்க்கைப்பட்டவளோடு நான் எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? மாட்டின் வால் மட்டும் ஆடுகிறது, மாடு ஆடவில்லை. நீ இருந்திருந்தால் மேஜையைத் தட்டியிருப்பாய்.

என் லாரி சோப்பு மாதிரி வழுக்குகிறது. பனியில் போகிற கனம் வரவில்லை. முனிசிபாலிட்டி லாரி பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்த்தேன், டிரைவர் நிறுத்தி இறங்கிவிட்டார். "எதுக்கும்மா என் பின்னாடியே வர்றீங்க? போலீஸக் கூப்பிடணுமா?" என்றார். கேம் செய்கிறேன் என்று சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உப்பு போடுறதப் பத்தியா? அத யாரு வாங்குவா?" என்றார். அம்மாவும் நானும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஹெட்விக்

---

மால்மோ, மார்ச் 4

ஹெட்விக்,

நீ முடிக்கவில்லை.

கேம் என்றால் கடைசி அடியோடு முடிவதில்லை, கடைசிப் பெயர் ஓடும்வரை உட்கார்ந்திருந்தால்தான் முடித்ததாக அர்த்தம் என்று சட்டம் போட்டது யார்? நீ. மாணவர் விடுதியில் பாதியில் எழுந்து பாத்ரூம் போனேன் என்று, "அவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா? உக்காருடா!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தது யார்? நீ. வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன் நான். ஒரு கையில் பன், ஒரு கையில் காபி, தெரியாதவர்களின் பெயரையெல்லாம் சத்தமாகப் படிக்க வைத்தாய்.

போய் முடி. முடித்துவிட்டு எழுது. அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

டோர்கெல்

---

ஷோவ்டே, மார்ச் 13

தடியா,

ஆமாம், பொய் சொன்னேன். கடைசிச் சண்டை முடிந்து கறுப்புத் திரை வந்ததும் பொத்தானை அழுத்தித் தாண்டிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. உன் பெயர் அந்தத் திரையில் ஏறுவதைப் பார்த்தால் வயிறு எரியும் என்று பயம், அவ்வளவுதான். ஸ்பானியனும் பெங்ட்டும் என் கற்பனை. முன்னூறு பேரில் ஒரு பெங்ட்டாவது இல்லாமலா போவான் என்று அடித்துவிட்டேன்.

நீ எழுதியதைப் பார்த்து ரோஷம் வந்தது. திரும்பப் போய் உட்கார்ந்தேன். உங்கள் ஆட்கள் எவ்வளவு கொழுப்பெடுத்தவர்கள்! பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் கடைசிச் சண்டையில் வருகிற அந்தப் பனி ராட்சசனை முதலிலிருந்து அடித்துச் சாய்க்க வேண்டும். செத்து விழுகிறான், எழுந்திருக்கிறான், சொந்தக் கதை பேசுகிறான், மறுபடி விழுகிறான். அவன் மூன்றாவது தடவை எழுந்தபோது நான் போட்ட கூச்சலில் கீழே சைக்கிள் கடைக்காரர் மேலே வந்துவிட்டார். "யாராவது அடிக்கிறாங்களா?" என்றார். "இல்ல, நான்தான் அடிக்கிறேன்" என்றேன்.

அப்புறம் பெயர்கள். பன் வாங்கி வைத்திருந்தேன், சட்டப்படி. அனிமேஷன் பகுதி வந்தது. நீ இல்லை. பெங்ட் நிஜமாகவே இருந்தான், அந்தப் பயலைப் பார்த்துச் சிரித்தேன். சரி, தனியாகப் போட்டிருப்பார்கள் என்று காத்திருந்தேன். வக்கீல்கள் வந்தார்கள். பதினோரு நாட்டில் விளம்பரம் செய்தவர்கள் வந்தார்கள். காண்டீனில் சமைத்தவர் வந்தார், அவருக்கு என் வந்தனம், அவர் உழைத்திருப்பார். கேம் செய்துகொண்டிருந்த காலத்தில் பிறந்த குழந்தைகளின் பெயரெல்லாம் வந்தது, இதயம் படம் போட்டு. ஆபீஸ் நாய் பெல்லெவுக்கு நன்றி என்று வந்தது. நாய்க்கு, டோர்கெல்! குரைத்ததற்கு!

நீ வரவில்லை. திரை இருட்டிப் போனது. பன் கையிலேயே இருந்தது.

என் கண்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் ராட்சசனை அடித்தேன். இந்தத் தடவை போனில் படமெடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்கள் மேலும்தான், உன் மேலும்தான். நான் அந்தப் பெயரைப் பார்த்தேன் என்று எழுதிக் குத்திக்காட்டுகிறேன், நீ எதற்கு "முன்னால் யார், பின்னால் யார்" என்று கேட்டாய்? ஒருவேளை இருக்குமோ என்றா?

எனக்கு உண்மை வேண்டும். என்ன நடந்தது? படகுக்காரனைச் செய்தது யார்?

ஹெட்விக்

---

மால்மோ, மார்ச் 20

ஹெட்விக்,

ஆமாம். ஒருவேளை இருக்குமோ என்றுதான். நானும் பார்த்திருக்கிறேன், கடைசிவரை பார்த்திருக்கிறேன், இருந்தும் நீ எழுதியதைப் படித்ததும் ஒரு நாள் முழுக்க நம்பினேன். ஏதோ அப்டேட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன், இல்லை. மானம் கெட்ட மனசு.

நவம்பரில் எங்களைக் கூட்டமாக ஓர் அறைக்கு வரச்சொன்னார்கள். மேஜையில் கேக் இருந்தது. கேக் இருந்ததும் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து நான் பாடவே ஆரம்பித்துவிட்டேன். மேலாளர் காமில்லா, "நீங்க எப்பவும் எங்க குடும்பந்தான்" என்றாள். எழுந்து என் இடத்துக்குத் திரும்பினால் என் ஆபீஸ் கார்டு கதவைத் திறக்கவில்லை, வேலை போயிருந்தது. கேம் வெளியாகிற அன்றைக்குச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் பெயர். அது அங்கே விதி. இந்தத் தொழிலில் பல இடங்களிலும் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்கள். உன் சமையலறையில் அத்தனை பேச்சுப் பேசிவிட்டு எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வது?

இப்போது சூதாட்டக் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். திரையில் பழங்கள் சுற்றும், மூன்று எலுமிச்சை சேர்ந்தால் எலுமிச்சை கண்ணடிக்கும். அந்தக் கண்ணடிப்பு என் வேலை. "இன்னும் கொஞ்சம் ஆசையா கண்ணடிக்கணும் டோர்கெல்" என்கிறார்கள். எலுமிச்சம்பழத்துக்கு ஆசை! லாந்தர்ப் பூச்சியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சொல்.

படகுக்காரன் நான் செய்ததுதான். "ஏறுறதுக்குத் தேவையில்லாம ஒரு நொடி ஆகுது, வெட்டிடு" என்றார்கள். வெட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு விட்டுவைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. உலகத்தில் நீ ஒருத்திதான் அதைப் பற்றி எழுதியவள். இரண்டாவது தடவை எழுதச் சொன்னது அதற்குத்தான். உன் கையெழுத்து எனக்கு நன்றாகவே புரியும்.

அவனுக்கு மஞ்சள் பூட்ஸ் மாட்டிவிட்ட முட்டாளும் நான்தான். வெட்டெர்ன் ஏரியில் உங்கள் அம்மாவின் படகில் ஏறும்போதெல்லாம் நான் நடுங்குவேன், நீ திட்டிக்கொண்டே மஞ்சள் பூட்ஸ் போட்ட காலை விளிம்பில் வைப்பாய். என் முகத்தைப் பார்க்க மாட்டாய், தண்ணீரைப் பார்ப்பாய். அது உன் கால், ஹெட்விக். தெரியாமல் உன்னையே புகழ்ந்துகொண்டாய், சந்தோஷமா?

லாரி விஷயம். சக்கரத்தைப் பிடித்துத் தொங்காதே. பனியில் வண்டி விலகுவதை முதலில் தெரிந்துகொள்வது டிரைவரின் தோள். தோள் இறுகட்டும், அப்புறம் வண்டி நகரட்டும். அவ்வளவுதான். அழித்துவிடாதே.

டோர்கெல்

---

ஷோவ்டே, மார்ச் 27

டேய் எலுமிச்சம்பழம்,

பூட்ஸ் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, இடது காலில் ஓட்டை. அதை உலகம் பூராவும் காட்டியிருக்கிறாய், ஒரு வார்த்தை கேட்டாயா என்னை? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். இரண்டு கண்ணாலும். உங்கள் தாடிக்காரனிடம் சொல்.

தோளை அசைத்துப் பார்த்தேன். டிரைவருக்கு வலிப்பு வந்த மாதிரி இருக்கிறது. உன் யோசனை காகிதத்தில் நன்றாக இருக்கிறது, என் கைக்கு வரவில்லை.

நேற்று வேறு வேலை பார்த்தேன். உப்பு லாரி முடியவில்லை, ஆனால் அதன் பெயர்ப் பட்டியலை முடித்துவிட்டேன். இரண்டே பெயர். முதலில் 'அனிமேஷன்' என்று போட்டு உன்னுடையது, அடுத்து என்னுடையது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவ்ளோதானா? பன்ன வாயில வைக்கல, அதுக்குள்ள முடிஞ்சிருச்சே" என்றாள். அதனால் வேகத்தைக் குறைத்தேன். இப்போது உன் பெயர் கீழேயிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் ஒரு பன்னை முழுசாகத் தின்று, காபி குடித்து, விரலையும் நக்கிக்கொள்ளலாம். தாண்டிப்போகப் பொத்தானும் வைக்கவில்லை.

நீ சம்பளப் பட்டியலில் இல்லை. எனக்கே சம்பளம் கிடையாது. நீ வந்தாலும் அந்தப் பெயர் அங்கேதான் இருக்கும், வராவிட்டாலும் அங்கேதான் இருக்கும். நான் எடுக்க மாட்டேன், நீ காலில் விழுந்தாலும் எடுக்க மாட்டேன்.

மே மாதக் கடைசியில் கேமை இப்படியே வெளியே விட்டுவிடப்போகிறேன். அழிக்கவில்லை. லாரி சோப்பு மாதிரி போகும், டிரைவருக்கு வலிப்பு வரும். விளையாடுகிறவர்கள் எந்த முட்டாள் இதை அசைத்தான் என்று கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார்கள். மெதுவாக, மிக மெதுவாக, உன் பெயர் வரும்.

மானம் இருந்தால் வந்து சரி செய்.

ஹெட்விக்